சத்தம் எங்கே உடைகிறது?

தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள், இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. காருக்குள் அம்ப்ளிஃபையரும் சப் வூஃபரும் பூட்டிய பிள்ளைகள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள். அம்ப் ஏன் இப்படிச் சுடுகிறது? சத்தத்தைக் கூட்டினால் பாட்டு ஏன் உடைகிறது? இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைத்து ஒன்றுக்கு விசிறியும் மற்றதற்குப் புது ஸ்பீக்கரும் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் நோய் ஒன்றுதான். அம்பின் பக்கவாட்டில், சின்னத் திருப்புளி போட்டுத் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கும். அதன்மேல் ‘கெயின்’ என்றோ ‘லெவல்’ என்றோ எழுதியிருக்கும். தேட வேண்டிய முதல் இடம் அதுதான்.

சுவிஸில் இருப்பவர்கள் அந்தக் குமிழை இப்போது மறுபடி பார்க்க ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஆர்.ஜி. தன் வானொலிகளின் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. அதையொட்டிப் பழைய கார் வைத்திருந்த பலர் டி.ஏ.பி. பிளஸ் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பைப் பிடிக்கும் புது ரேடியோ பூட்டினார்கள். சிலர் ஒரு சிறு அடப்டரை வாங்கி ஓக்ஸ் துளையில் செருகினார்கள். முன்பக்கம் மாறிவிட்டது. டிக்கியில் இருக்கும் அம்புக்கு அது தெரியாது. அதன் கெயின் பழைய ரேடியோவுக்கு வைத்த இடத்திலேயே நிற்கிறது.

அதனால் என்ன கெடும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் கொடுக்கும் அம்ப் என்று வையுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் வரும்: 100 × 4 = 400, வர்க்கமூலம் 20. அந்த அம்ப் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 20 வோல்ட்தான். அதற்குமேல் கொடுக்க அதன் உள்ளே இருக்கும் மின்வழங்கியில் சரக்கு இல்லை. பழைய ரேடியோ தன் உச்சச் சத்தத்தில் ஆர்.சி.ஏ. வயர் வழியாக 2 வோல்ட் அனுப்பியது, கெயின் அதைப் பத்து மடங்காக்கியது, கணக்குச் சரி. புது ரேடியோ 4 வோல்ட் அனுப்புகிறது. அதே பத்து மடங்கு என்றால் 40 வோல்ட் வேண்டும். வாட்டில் சொன்னால் 400. இல்லாத 300 வாட்டை அந்த அம்ப் எங்கே போய் எடுக்கும்?

கெயின் குமிழுக்கு உள்ள வேலை இவ்வளவுதான்: முன்னால் இருக்கும் ரேடியோ தன் உச்சத்தைத் தொடும்போது அம்பும் தன் உச்சத்தைத் தொடும்படி இரண்டையும் பொருத்திவிடுவது. அம்பின் பலத்தை அது ஒரு வாட்கூடக் கூட்டாது. குமிழின் ஒரு முனையில் 0.2 வோல்ட், மறுமுனையில் 6 வோல்ட் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். 0.2 பக்கம் திருப்பினால், மெல்லிய சைகை வந்தாலே அம்ப் தன் உச்சத்துக்குப் போய்விடும். அப்போது ரேடியோவின் ஒலிக்குமிழில் பாதிக்கு மேல் உள்ள தூரம் முழுக்க உடைந்த சத்தமாகவே இருக்கும். ‘என் அம்ப் பத்திலேயே அதிருது’ என்று பெருமைப்படும் தம்பிமார் உண்டு. பத்திலேயே அதிர்வது பலமான அம்புக்கு அடையாளம் இல்லை. கெயின் ஏறிப்போய் நிற்கிறது என்பதற்கே அடையாளம்.

உடைந்த சத்தம் என்று சொல்கிறோமே, அது உண்மையில் என்ன? வீட்டில் கொத்தில் அரிசி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கூம்பாகக் குவிந்ததைக் கையால் தலைதட்டினால் தட்டையாகிவிடும். ஒலியலையின் கூம்புக்கும் அம்ப் அதையேதான் செய்கிறது: தன்னிடம் உள்ள வோல்ட்டுக்கு மேலே நீட்டிய பகுதியை வெட்டித் தட்டையாக்குகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். காதுக்கு இது முதலில் தெளிவாகத் தெரியாது. தவிலின் அடியில் ஒரு மழுங்கல், பாடகரின் குரலில் மணல் கலந்ததுபோல ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். பழகிவிட்டால் அதுவும் கேட்காது. அதனால்தான் இது ஆபத்தானது.

இனிச் சூட்டின் கதை. வளைந்து போகும் ஓர் அலையையும் அதே உயரத்தில் முழுத் தட்டையாக்கப்பட்ட அலையையும் ஒப்பிட்டால், தட்டையானது இரண்டு மடங்கு வாட்டைக் கொண்டுபோகிறது. 100 வாட் அம்ப் மோசமாக கிளிப் ஆகும்போது 200 வாட் வரை தள்ளக்கூடியது இப்படித்தான். இதைவிட முக்கியமானது சராசரி. சுத்தமாகப் பாடும் இசையில் உச்சங்கள் வந்து வந்து போகும், இடையில் ஓய்வு இருக்கும். உச்சத்தில் 100 வாட் தொடும் ஒரு பாட்டின் சராசரி பத்து வாட் அளவிலேயே இருக்கலாம். கெயினை ஏற்றினால் உச்சம் ஏற முடியாமல் அங்கேயே நிற்க, மெல்லிய பகுதிகள் மட்டும் மேலே ஏறிவரும். சராசரி முப்பது நாற்பது வாட்டாகிவிடும். ஸ்பீக்கரின் சுருளுக்கும் அம்பின் டிரான்சிஸ்டருக்கும் ஓய்வில்லை. சுருள் செம்பு, ஒரு பாகை சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 100 பாகை ஏறினால் தடை 39 சதவீதம் கூடிவிடுகிறது. அதற்கேற்ப ஸ்பீக்கர் வாங்கும் வாட் குறையும், சத்தம் சோரும். ஓட்டுகிறவர் என்ன செய்வார்? இன்னும் கூட்டுவார். சுருளின் பசை இளகிக் கருகும் மணம் வரும்வரை இந்தச் சுற்று ஓடும்.

‘சின்ன அம்ப் பூட்டினால் ஸ்பீக்கர் எரிந்துபோகும்’ என்று கடையில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சின்ன அம்ப் எரிப்பதில்லை. குறைந்த வாட் சுத்தமாகப் போனால் ஸ்பீக்கருக்கு ஒரு தீங்கும் இல்லை. சின்ன அம்பைப் பெரிய அம்பாக்கப் பார்த்து கெயினை முழுக்கத் திருப்புவதுதான் எரிக்கிறது. அதிலும் முதலில் போவது உயர்சுரங்களைப் பாடும் டுவீட்டர். அது தாங்குவது தொடர்ச்சியாகச் சில வாட்தான். தட்டையான அலைக்குள் முன்பு இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. அவையும் அதன் தலையில்தான் விழுகின்றன.

இந்த ‘உச்சத்தைக் கவனி’ என்ற பாடத்தை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் இந்த நாட்டில்தான் வாழ்ந்தார். வார்சோவில் பிறந்து லொசானில் படித்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் நாக்ரா என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைத் தொடங்கினார். 1950களின் கடைசியில் வந்த நாக்ரா 3 உலகெங்கும் சினிமாக்காரர்களின் தோளில் தொங்கியது. அதன் முகப்பில் அவர் வைத்த மானிக்கு மொடுலோமீட்டர் என்று பெயர். அமெரிக்க வானொலிகள் 1939 முதல் பயன்படுத்திய வி.யு. மானி சராசரியைக் காட்டும். அதன் முள் எழும்பி நிலைக்கவே ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் வேண்டும். அதற்குள் ஓர் உச்சம் வந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். குடெல்ஸ்கியின் மானி உச்சத்தைப் பிடித்துக் காட்டியது. களத்தில் ஒருமுறைதான் பதிவு செய்யலாம். வெட்டுப்பட்ட அலையைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. சூரிச்சுக்குப் பக்கத்தில் ரேகன்ஸ்டோர்ஃபில் வில்லி ஸ்டூடர் கட்டிய ஒலிநாடா எந்திரங்களும் இதே ஒழுங்கில் நின்றவை. பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டு சார்ஜன்ட் பெப்பர் தட்டு ஸ்டூடர் ஜே37இல்தான் பதிவானது. ஒவ்வொரு கட்டத்திலும் சைகையின் அளவை அடுத்த கட்டத்துக்குப் பொருத்திவிட்டுத்தான் மேலே போனார்கள். டிக்கியில் நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். அதே மதிப்போடு செய்யலாம்.

முதலில் காரைத் தயார்செய்வோம். ரேடியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்குவலைசர் எல்லாம் நடுவில், பூச்சியத்தில். ‘லவுட்னஸ்’ அணைத்திருக்க வேண்டும். அம்பில் ‘பேஸ் பூஸ்ட்’ என்று இன்னொரு குமிழ் இருக்கும். அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள், முடிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலான அம்ப்களில் அது 45 ஹேர்ட்ஸ் பக்கத்தை மட்டும் தூக்கும். 6 டெசிபெல் தூக்கினால் அந்த இடத்தில் நாலு மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். 12 டெசிபெல் என்றால் பதினாறு மடங்கு. கெயினை எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் இந்த ஒரு குமிழ் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். கார் அம்பில் நான் மனதார வெறுக்கும் ஒரே குமிழ் இதுதான்.

அடுத்தது, ரேடியோவின் சொந்த எல்லை. ரேடியோவே தன் உச்சத்தில் உடைந்தால் அம்பில் என்ன திருத்தியும் பயனில்லை. தனியாக வாங்கிப் பூட்டிய நல்ல ரேடியோக்கள் ஆர்.சி.ஏ. வெளியீட்டில் கடைசிவரை சுத்தமாகப் போகும். காரோடு வந்த ரேடியோவின் ஸ்பீக்கர் வயரில் இருந்து சைகை எடுக்கும்போதுதான் தொல்லை. அது முக்கால் தூரத்திலேயே உடையத் தொடங்கலாம். சத்தம் கூடக்கூட ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காகப் பேஸைத் தானாகவே குறைக்கும் ரேடியோக்களும் உண்டு. கையடக்க ஒசிலஸ்கோப் இப்போது மலிவாகக் கிடைக்கிறது; அதில் அலையின் தலை தட்டையாவதை நேரே பார்க்கலாம். அது இல்லையென்றால் மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்து ஒலியை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரே சீராக ஏறிவந்த வோல்ட் திடீரென்று கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் ஏறத் தொடங்கினால் அங்கே வெட்டு விழுகிறது என்று ஊகிக்கலாம். அதற்கு இரண்டு படி கீழே உள்ள எண்ணை எழுதிவையுங்கள். உங்கள் காரின் உச்சம் அந்த எண். அதற்குமேல் ஒலிக்குமிழ் போகலாம், நீங்கள் போகக்கூடாது.

இனி அம்ப். இந்த வேலையைச் சத்தமே இல்லாமல் செய்யலாம் என்பது சுவிஸில் வாழ்கிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. அமைதி காக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையிலும் இரவு பத்து மணிக்குப் பிறகும் அடுக்குமாடியின் நிலக்கீழ் கராஜில் 50 ஹேர்ட்ஸ் அதிர்வைக் கிளப்பினால் மேல்மாடி வரை கொங்கிரீட் கொண்டுபோகும். நாம் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டுத்தான் அளக்கப்போகிறோம். கெயினைக் குறைந்த பக்கத்துக்கு முழுக்கத் திருப்பிவிடுங்கள். யூ.எஸ்.பி.யில் ஒரு சோதனைச் சுரத்தைப் போட்டு, ரேடியோவை எழுதிவைத்த எண்ணுக்கு ஏற்றுங்கள். இணையத்தில் ஓடும் காணொளியில் இருந்து சுரத்தை எடுக்காதீர்கள். வழியில் அதன் அளவு மாறியிருக்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அம்பின் ஸ்பீக்கர் முனைகளில் தொடுங்கள். பிறகு கெயினை மெல்லத் திருப்பி, உங்கள் கணக்கில் வரும் வோல்ட்டில் நிறுத்துங்கள். கதவு ஸ்பீக்கருக்கு 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். சப் வூஃபருக்கு 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். இதில் அம்பின் ஆர்.எம்.எஸ். வாட்டையும் ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். வாட்டையும் பார்த்துச் சிறியதை எடுங்கள். பெட்டியின் மேல் மின்னும் ‘மாக்ஸ்’ வாட்டைத் தொடவே வேண்டாம்.

எந்தச் சுரம் என்பதில் பலர் தடுக்கி விழுவார்கள். கதவு ஸ்பீக்கருக்கு 1,000 ஹேர்ட்ஸ், சப்புக்கு 40 அல்லது 50 ஹேர்ட்ஸ் என்பது வழக்கம். ஆனால் மலிவான மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தை அளக்கச் செய்தவை. ஐரோப்பாவில் அது 50 ஹேர்ட்ஸ். பலவற்றின் கையேட்டில் 400 ஹேர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம் இருக்கும். அப்படியான மீட்டரில் 1,000 ஹேர்ட்ஸை அளந்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டலாம். நீங்கள் கெயினைக் கூட்டிவைத்துவிடுவீர்கள். ஆகவே அம்பின் வடிகட்டிகளை அந்தச் சில நிமிடங்களுக்கு அணைத்துவிட்டு, கதவுச் சனல்களையும் 50 ஹேர்ட்ஸிலேயே அளந்துவிடலாம். ஸ்பீக்கர் கழன்றிருப்பதால் ஒன்றுக்கும் சேதமில்லை. பிறகு மறக்காமல் வடிகட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சுரத்தின் பலம் இன்னொரு கேள்வி. 0 டெசிபெல், அதாவது பதிவில் இருக்கக்கூடிய முழு உச்சச் சுரத்தில் வைத்தால் எந்தப் பாட்டும் எப்போதும் உடையாது. ஆனால் 1980களின் இளையராஜா பாடல்களைப் போல ஒலிநாடாக் காலத்தில் பதிவானவை, உச்சத்துக்கும் சராசரிக்கும் நிறைய இடைவெளி விட்டவை; அவை மெதுவாகக் கேட்கும். அதனால் –5 டெசிபெல் சுரத்தில் வைப்பவர்கள் உண்டு. உச்சங்களில் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்ற கணக்கு. இன்றைய பாடல்கள் எல்லை முட்டப் பதிவாகி வருகின்றன. அவற்றோடு சேர்ந்தால் இந்தச் சலுகை சூடாக மாறும். என் தீர்ப்பு இது: சப்புக்கு 0, கதவுக்கு –5. சூடு பெரும்பாலும் சப்பில்தான் பிறக்கிறது. அங்கே சலுகை கூடாது.

ஸ்பீக்கர் பூட்டாமல் அளக்கும்போது அம்பின் மின்வழங்கிக்குப் பாரம் இல்லை. மலிவான அம்ப்களில் அந்த நேரம் வோல்ட் கொஞ்சம் தாராளமாகவே வரும், பாரம் ஏறியதும் இறங்கும். கணக்கில் வந்ததைவிட ஒரு வோல்ட் குறைவாக நிறுத்துவது நல்லது. ஒரு வோல்ட்டால் குறையும் சத்தத்தை உங்கள் காது கண்டுபிடிக்காது. டெசிபெல் கணக்கு அப்படித்தான்: வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். இரண்டு மடங்கு சத்தமாக உணர 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் கெயினில் அதற்கு மருந்து இல்லை. கதவுத் தகடு அதிராமல் உள்ளே அதிர்வுத் தடுப்புத் தாள் ஒட்டிப் பாருங்கள், சப்பின் பெட்டி சரியான கன அளவா என்று பாருங்கள், ஸ்பீக்கரின் வயர் முனைகள் மாறிப் பூட்டுப்பட்டு ஒன்று உள்ளே போக மற்றது வெளியே வருகிறதா என்று பாருங்கள். 120இல் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே கெயின் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். டயர் இரைச்சலோடு போட்டிபோட்டு வைத்த கெயின், ஊருக்குள் வந்ததும் தவறாகத்தான் இருக்கும்.

மீட்டரும் இல்லை, காதுதான் இருக்கிறது என்பவர்களுக்கு: அதே சுரத்தைக் குறைந்த கெயினில் ஸ்பீக்கர் வழியாகவே கேட்டு மெல்லக் கூட்டுங்கள். தனிச் சுரத்துக்கு நிறம் இல்லை. குழல் போல மழமழவென்று இருக்கும். வெட்டு விழும் கணத்தில் அதன் மேல் ஒரு கூர்மை, ஒரு ரீங்காரம் ஏறும். அங்கிருந்து நன்றாகவே பின்வாங்குங்கள். சில விநாடிகளுக்கு மேல் ஓட விடாதீர்கள். தொடர்ச்சியான சுரம் டுவீட்டரைப் பாட்டைவிடச் சீக்கிரம் எரித்துவிடும். காது தனியாக நம்பத்தக்க கருவி இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவதைவிட எவ்வளவோ மேல்.

கெயின் சரியாகியும் அம்ப் சுட்டால்? நான் முதலில் எண்ணுவது ஓம். இரண்டு 4 ஓம் சப்களைச் சமாந்தரமாகப் பூட்டினால் 2 ஓம் ஆகும். இரண்டு சனலை ஒன்றாக்கிப் பாலம் போடும்போது பல அம்ப்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. 2 ஓம் பூட்டினால் அது இரட்டை மின்னோட்டத்தைக் கேட்கும். கெயின் எங்கே நின்றாலும் கொதிக்கும், பாதுகாப்பு விளக்கு எரியும். ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்துத் தடையை அளந்தால் உண்மை தெரியும். 4 ஓம் சப் மீட்டரில் 3.2, 3.6 என்று கொஞ்சம் குறைவாகக் காட்டும், அது சரிதான்.

அடுத்தது வயர். 500 வாட் கொடுக்கும் டி வகை அம்ப் 80 சதவீதத் திறனில் ஓடினால் 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். பழைய ஏபி வகை பாதியைச் சூடாகவே விட்டுவிடும், அது 70 ஆம்பியரைத் தாண்டும். பற்றரியில் இருந்து டிக்கிக்கு 5 மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 45 ஆம்பியர் போனால் 0.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 25 சதுர மில்லிமீட்டரில் 0.15தான். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு. அதே தடிப்பில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை. வோல்ட் இறங்கினால் அம்பின் உச்சமும் இறங்கும். நீங்கள் ஒழுங்காக வைத்த கெயின் அப்போது கூடுதலாகிவிடும். பேஸ் அடிக்கும்போது முன்விளக்கு மங்கினால் இதுதான் நடக்கிறது. பிளஸ் வயரில் பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அம்பைக் காக்க அல்ல, வயர் தீப்பிடிக்காமல் காருக்குள் இருப்பவர்களைக் காக்க. அம்பில் இருக்கும் ஃபியூஸ் வேறொரு உண்மையும் சொல்லும். பெட்டியில் 2000 வாட், அம்பில் ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 30 × 14.4 = 432. உள்ளே போவதே 432 வாட் என்றால் வெளியே 2000 எப்படி வரும்?

இந்த நாட்டுக்கே உரிய ஒரு சூடும் இருக்கிறது. பலர் அம்பை முன் இருக்கைக்குக் கீழே பூட்டுகிறார்கள். இடம் மிச்சம், வயர் குறைவு. அநேக கார்களில் பின் இருக்கைக்காரரின் காலுக்குச் சூடான காற்று வரும் வழியும் அங்கேதான். பெப்ரவரியில் வெப்பமூட்டியைக் கூட்டி வைத்துக்கொண்டு பேர்ணில் இருந்து லுகானோவுக்குப் போகும்போது, 16.9 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தைத் தாண்டுவதற்குள் அம்ப் நின்றுவிடுகிறது. ‘கோடையில் ஒழுங்காகப் பாடுதே அண்ணை, குளிருக்கு ஏன் சுடுது?’ என்று கேட்பவர்கள் இருக்கையின் கீழே கையை விட்டுப் பார்க்க வேண்டும். சப்பாத்தில் ஒட்டி வரும் பனியும் உப்பும் உருகி அங்கேதான் தேங்கும். முனைகள் துருப்பிடிக்கும், தடை கூடும், அதுவும் சூடு. டிக்கிப் பக்கச் சுவரில், அம்பின் சூட்டை வெளியேற்றும் செதில்களைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விட்டு, கம்பளத்தால் மூடாமல் பூட்டுவதே நல்லது. ஒரு மணித்தியாலம் பாடிய பிறகு செதிலில் கை வையுங்கள். சூடாக இருப்பது இயல்பு. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் காரணத்தைத் தேடுங்கள்.

குளிர்காலக் காலையில் பற்றரியின் கொள்ளளவும் குறைந்திருக்கும், ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பும் விறைத்திருக்கும். முதல் பத்து நிமிடம் மெதுவாகப் பாடவிடுங்கள். கராஜில் அளக்கும்போது எஞ்சினை ஓடவிட வேண்டாம். பற்றரிக்குச் சார்ஜரைப் பூட்டினால் போதும். மூடிய இடத்தில் புகை கொல்லும் என்பது முதற் காரணம். சட்டமும் அதையே சொல்கிறது. 1962ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகள் ஆணையின் 33ஆம் பிரிவு, நிற்கும் வண்டியின் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவதையும் வண்டிக்குள் இருக்கும் ஒலிக்கருவியால் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பதையும் ஒரே பட்டியலில் தடுக்கிறது.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேலைத்தலங்களில் ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம் 85 டெசிபெல் என்பது சுவிஸில் விபத்துக் காப்புறுதி நிறுவனமான சூவா வைத்திருக்கும் அளவு. 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் அதே பாதிப்பு பாதி நேரத்தில் வந்துவிடும்; 94இல் ஒரு மணித்தியாலம், 100இல் பதினைந்து நிமிடம். 2019 ஜூனில் இருந்து நடப்பில் இருக்கும் ஆணைப்படி, ஒரு நிகழ்ச்சியில் மணித்தியாலச் சராசரி 93 டெசிபெலைத் தாண்டினால் நடத்துபவர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், காதடைப்பான் இலவசமாகக் கொடுக்க வேண்டும். காருக்குள் அப்படிக் கொடுக்க ஒருவரும் இல்லை. பேர்ணில் இருந்து சூரிச்சுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். உடையாத சத்தத்துக்கு இங்கே ஒரு ஏமாற்றும் உண்டு: அது காதைக் குத்தாது, அதனால் எவ்வளவு பலமாகக் கேட்கிறோம் என்று தெரியாமலே போய்விடும். பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தால், சப்புக்குப் பக்கத்தில் இருப்பது அவர்களின் காது.

கடைசியாக அந்த அடப்டர். ஓக்ஸ் வழியாக வரும் டி.ஏ.பி. அடப்டரோ போனோ ரேடியோவின் யூ.எஸ்.பி.யைவிட மெலிந்த சைகையைத்தான் கொடுக்கும். வானொலிச் செய்திக்காகக் கூட்டியவர் யூ.எஸ்.பி.க்கு மாறும் கணத்தில் அம்ப் முழு உச்சத்தில் அலறும். இதைக் கெயினால் தீர்க்கப் பார்க்காதீர்கள். பல ரேடியோக்களின் அமைப்புப் பகுதியில் ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. மெலிந்த மூலத்தை அங்கே சில படி ஏற்றி, மற்றதோடு சமப்படுத்துங்கள். போனின் ஒலியை ஏறக்குறைய முழுக்க வையுங்கள். கெயினை எப்போதும் மிகப் பலமான மூலத்துக்கே வைக்க வேண்டும். வைத்த பிறகு குமிழின் நிலையைப் போனில் ஒரு படம் எடுத்து, ரேடியோவின் எல்லை எண்ணையும் அளந்த வோல்ட்டையும் அதோடு எழுதிவிடுங்கள். ரேடியோ மாறினால், சப் மாறினால், வயர் மாறினால் மறுபடி அளங்கள். அதுவரை திருப்புளி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.